வாசகர் கேள்வி பதில்: நீங்கள் செய்யும் கேம் எந்த வயதுக்கு?

இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை. வீட்டில் இருந்தபடியே ஒருவராகவோ இருவராகவோ கேம் செய்பவர்கள், அதற்கு வயதுத் தரம் போடும் இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஆகவே இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

எங்கட வாப்பாட வயல்ல இரவுக் காவலுக்குப் போற மாதிரி ஒரு கேம் செய்யிறன். வாடியில இருந்து யானை வெடி கொளுத்தி யானையக் கலைக்கணும், அவ்வளவுதான். கூகுள் பிளேயில போடப் போனா ஒரு கேள்வித்தாள் வருது. வன்முறை இருக்கா எண்டு கேக்குது. யானைக்கு ஒண்டும் ஆகாது. இல்லை எண்டு போடலாமா?
— சம்மாந்துறை வாசகர்

இல்லை என்று உடனே போட்டுவிட வேண்டாம் தம்பி. கேள்வித்தாளைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்துவிட்டு உட்கார்ந்தால் கேள்வித்தாள் கால் மணி நேரத்தில் முடியும். செய்யாமல் உட்கார்ந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் ஊகத்தில்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஒரு கொப்பியில் ஐந்து பத்தி பிரியுங்கள்: எந்தக் கட்டம், என்ன நடக்கிறது, யாருக்கு நடக்கிறது, எத்தனை தடவை வருகிறது, விளையாடுபவர் அதைத் தவிர்த்துப் போக முடியுமா. பிறகு கேமை மூன்று வழியில் பாருங்கள். முதலில் தொடக்கம் முதல் முடிவு வரை வென்று விளையாடுங்கள். அடுத்து வேண்டுமென்றே தோற்று விளையாடுங்கள். மூன்றாவதாக, கேமை விளையாடாமல் அதன் கோப்புறையைத் திறந்து படம், ஒலி, வசனம் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

தோற்று விளையாடுவதைத்தான் அநேகமானோர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கேமில் வெடி தவறினால் என்ன நடக்கிறது? யானை வாடியை இடித்து விழுத்துகிறதா, காவற்காரரை மிதிக்கிறதா, அல்லது வேளாண்மையைத் தின்றுவிட்டுப் போகிறதா? மிதித்தால் அது மனிதருக்கு நேரும் தீங்கு. உங்கள் மனதில் கேம் என்பது யானையைக் கலைப்பது. ஆனால் முதல் நாள் விளையாடும் ஒரு பிள்ளை இருபது தடவை பார்க்கப் போவது அந்தத் தோல்விக் காட்சியைத்தான்.

வன்முறை உண்டா என்ற கேள்விக்கு ஆம் என்றால் அதோடு நிற்காது. கிளைக் கேள்விகள் வரும். தாக்கப்படுவது மனிதரா, மிருகமா, கற்பனைப் பாத்திரமா? அடிபட்டது உண்மையாகத் தோன்றுகிறதா, கார்ட்டூன் போலவா? இரத்தம் தெரிகிறதா? வெடிச் சத்தத்துக்கே யானை திரும்பி ஓடுகிறது, அதன் உடலில் எதுவும் படவில்லை என்றால் சொல்வதற்கு அதிகம் இருக்காது. உடலில் பட்டு அது பிளிறித் துள்ளினால் அது வேறு கதை. ஐரோப்பாவில் கேம்களுக்கு வயதுத் தரம் போடும் பெகி முறையில், சிரிப்புக்காக வரும் கார்ட்டூன் அடிதடிக்கு 3 வயதுக்கு மேல் என்ற தரம்கூடக் கிடைக்கும். உண்மைத்தன்மை இல்லாத மெல்லிய வன்முறை 7. மனிதரைப் போன்ற பாத்திரத்துக்கு உண்மையல்லாத விதத்தில் அடிபட்டால் 12. நிஜ வாழ்க்கையில் பார்ப்பது போலவே இருந்தால் 16. ஆகவே ஆம் என்று போட்டதற்காக மட்டும் உங்கள் கேம் பெரியவர்களுக்கு உரியதாகிவிடாது. அந்தப் பயத்தில் இல்லை என்று போடுபவர்கள்தான் பிறகு சிக்கலில் மாட்டுகிறார்கள்.

கோப்புறையைப் பார்க்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. இணையத்தில் இலவசமாக எடுத்த படத் தொகுதியில் நீங்கள் பயன்படுத்தாத துப்பாக்கியும் இரத்தத் தெறிப்பும் இருக்கலாம். சந்தை இரைச்சல் என்று எடுத்த ஒலித்துண்டில் யாரோ ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தை பேசியிருக்கலாம். திரையில் வராது என்றாலும் பொதியில் போகும் என்றால் அழித்துவிடுங்கள். 2005ஆம் ஆண்டு ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ: சான் அன்ட்ரியாஸ்’ கேமில், பூட்டி வைக்கப்பட்டிருந்த பாலியல் காட்சி ஒன்றை வெளியார் திறந்து காட்டினார்கள். 17 வயதுக்கு மேல் என்றிருந்த அதன் அமெரிக்கத் தரம் அந்த ஜூலை மாதத்திலேயே வயதுவந்தோருக்கு மட்டும் என்று உயர்த்தப்பட்டது. பெரிய கடைகள் அதை விற்பனையிலிருந்து எடுத்தன. பூட்டி வைத்ததும் உள்ளடக்கம்தான் என்ற பாடம் அப்போதிலிருந்து இருக்கிறது.

இந்த எண்களைப் போடுவது யார்? காசு கட்ட வேண்டுமா? இலங்கைக்கு எது செல்லும்?
— ஆரையம்பதி வாசகர்

கூகுள் பிளேயில் நீங்கள் நிரப்புவது ஐ.ஏ.ஆர்.சி. என்ற கூட்டமைப்பின் கேள்வித்தாள். பல நாடுகளின் தர நிர்ணய அமைப்புகள் சேர்ந்து 2013இல் தொடங்கியது. கூகுள் பிளே 2015இல் இதை ஏற்றது. ஒரே தடவை பதில் சொன்னால் வட அமெரிக்காவுக்கு ஈ.எஸ்.ஆர்.பி., ஐரோப்பாவுக்குப் பெகி, ஜேர்மனிக்கு யூ.எஸ்.கே., பிரேசில், அவுஸ்திரேலியா, தென்கொரியா என்று அந்தந்த நாட்டுத் தரம் தனித்தனியாக வந்துவிடும். இவற்றில் அடங்காத நாடுகளுக்குப் பொதுத் தரம்: 3, 7, 12, 16, 18. இலங்கையில் போன் வைத்திருப்பவர் பார்ப்பது இந்தப் பொதுத் தரத்தை.

கேம் செய்பவர் இதற்கு ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. கூகுளுக்கு நீங்கள் கட்டும் 25 டொலர் கணக்குத் திறப்பதற்கானது. அது ஒரு தடவை மட்டும். மைக்ரோசொப்ட், நிண்டெண்டோ, பிளேஸ்டேஷன், எபிக் கடைகளும் இதே முறையைப் பயன்படுத்துகின்றன. கேள்வித்தாள் முடிந்ததும் மின்னஞ்சலில் ஒரு சான்றிதழ் இலக்கம் வரும். அதைப் பத்திரமாக வையுங்கள். மைக்ரோசொப்ட் கடையில் மறுபடி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லாமல் அந்த இலக்கத்தைக் கொடுத்தாலே போதும். மின்னஞ்சல் முகவரி கேட்கும் இடத்தில் நீங்கள் தினமும் பார்க்கும் முகவரியைக் கொடுங்கள். தரத்தில் பிரச்சினை வந்தால் அந்த முகவரிக்குத்தான் எழுதுவார்கள்.

படி இதுதான்: கேம் செய்பவர்களுக்கான கூகுள் பக்கமான பிளே கொன்சோலில் உங்கள் கேமைத் திறந்து, செயலி உள்ளடக்கம் என்ற பகுதிக்குப் போய், உள்ளடக்கத் தரம் என்பதைத் தெரிவுசெய்து, மின்னஞ்சல் கொடுத்து, வகையில் கேம் என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். கல்விக்கான கேம் என்பதற்காக மற்றச் செயலிகள் என்ற வகையைத் தெரிவுசெய்ய வேண்டாம். அங்கே கேள்விகளே வேறு. கடைசியில் சுருக்கப் பக்கம் ஒன்று வரும். சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்த முன் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துப் புதுப்பிக்கும்போது எதற்கு என்ன சொன்னீர்கள் என்பது மறந்துபோயிருக்கும்.

3+ வரும் என்று நினைத்துச் செய்தேன். சில நாடுகளில் 12, ஒரு இடத்தில் 16 என்று வந்திருக்கிறது. பதில்களை மாற்றிப் போட்டால் குறையுமா?
— களுவாஞ்சிகுடி வாசகர்

குறையும். ஆனால் பதிலை மாற்றுவது பொய். கேமை மாற்றிவிட்டுப் பதிலை மாற்றுவதுதான் வழி. தர நிர்ணய அமைப்புகள் வெளிவந்த கேம்களைப் பார்வையிடுகின்றன, முறைப்பாடுகளையும் கேட்கின்றன. பிழையான தரத்தை அவர்களே திருத்தலாம். தவறான தகவல் கொடுத்த கேமைக் கூகுள் கடையிலிருந்து எடுக்கவும் முடியும்.

எண்ணை விட்டுவிட்டு எண்ணுக்குக் கீழே வரும் விவரிப்பைப் பாருங்கள். வன்முறை, அச்சம், மொழி, சூதாட்டம், போதைப்பொருள் என்று எதனால் உயர்ந்தது என்பது அங்கே இருக்கும். பிறகு உங்கள் கொப்பியில் அதற்குரிய வரியைத் தேடுங்கள். அநேகமாகக் கேமின் உயிரோடு தொடர்பில்லாத ஏதோ ஒரு சின்னப் பொருளாகத்தான் இருக்கும். சந்திக் கடையில் பீடி பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பாத்திரம், சிரிப்புக்காகக் கசிப்புப் போத்தலோடு தள்ளாடும் ஒருவர். புகைத்தல், மது அருந்துதல் பெகியில் 16 வரை கொண்டுபோகக்கூடியவை. அந்த ஆள் கையில் பீடிக்குப் பதிலாகத் தேநீர்க் கோப்பை இருந்தால் கதைக்கு என்ன குறை?

வெற்றிலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், எங்கள் ஊர்க் கேம்களில் அது நிச்சயம் வரும். கேள்வித்தாள் கேட்பது புகையிலையைப் பற்றி. பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும் மட்டுமென்றால் அதற்குள் வராது. பாட்டி புகையிலைத் துண்டு ஒன்றையும் கிள்ளி வைப்பதாகக் காட்டினால் ஆம் என்பதே நேர்மையான பதில்.

நாட்டுக்கு நாடு எண் வேறுபடுவது இயல்பு. ஜேர்மனி ஒன்றைக் கடுமையாகப் பார்க்கும், அமெரிக்கா வேறொன்றை. எல்லாப் பதிலும் சரி, ஆனாலும் தரம் பிழை என்று உண்மையாகவே நினைத்தால் சான்றிதழ் மின்னஞ்சலில் முறையிடும் வழி இருக்கிறது.

2004 சுனாமியை வைத்து ஒரு கேம் செய்கிறோம். நாவலடியில் ஒரு குடும்பம் தப்பி ஓடுவதுதான் கதை. பிணம் எதையும் காட்டவில்லை. இதற்கு என்ன தரம் வரும்? எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விளையாடலாமா?
— கல்லடி வாசகர்கள் இருவர்

இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கேள்வித்தாளுக்கு உங்கள் கேமில் வன்முறை குறைவு. அலை யாரையும் அடித்துத் தாக்கும் ஆயுதம் அல்ல. ஆனால் அச்சம் என்ற பகுதி இருக்கிறது: சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தக்கூடிய காட்சியோ ஒலியோ உண்டா என்று கேட்கும். அங்கே ஆம் என்று போடுங்கள். பிணம் காட்டவில்லை என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. கடல் பின்வாங்கி அடித்தளம் தெரிவதும், இரைச்சல் நெருங்கி வருவதும், தாயின் கை நழுவுவதும் பிணத்தைவிடப் பயங்கரமானவை. ஒலியைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். படத்தை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேட்கும்போது உங்களுக்கே வயிற்றைப் பிசைந்தால் பதில் தெரிந்துவிட்டது. கேள்வித்தாள் தரும் எண் 7 ஆகக்கூட இருக்கலாம், 12 ஆகவும் இருக்கலாம்.

அந்த எண் கல்லடிக்காக எழுதப்பட்டதல்ல. உலகப் பொதுவான ஒரு பிள்ளைக்கு எழுதப்பட்டது. டிசம்பர் 26ஆம் திகதி என்றால் என்னவென்று எங்கள் கரையோரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். நாவலடி, மருதமுனை, பெரியநீலாவணை, காரைதீவு என்று வீட்டில் யாரையாவது இழந்த குடும்பத்தில் இந்தக் கேமை வாங்குவது பிள்ளையாக இருந்தாலும் பக்கத்தில் இருந்து பார்ப்பது தாயாக இருக்கலாம். இதைத் தரம் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே மூன்று மாற்றங்களைச் சேர்க்கச் சொல்வோம். ஒன்று, முதல் திரையிலேயே இது சுனாமியைப் பற்றியது, அலை வரும் காட்சியும் ஒலியும் உண்டு என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். கடைப் பக்க விவரிப்பிலும் முதல் வரியில் அதையே வையுங்கள், ஏனென்றால் பலர் முதல் வரிக்கு மேல் வாசிப்பதில்லை. இரண்டு, அலைக் காட்சியைத் தாண்டிப் போகும் பொத்தான் ஒன்று வையுங்கள். அதை அழுத்தினால் தண்டனை, புள்ளி இழப்பு எதுவும் இருக்கக் கூடாது. மூன்று, இரைச்சல் ஒலிக்கு மட்டும் தனியான ஒலியளவுக் கட்டுப்பாடு. இசைக்கும் அதற்கும் ஒரே கட்டுப்பாடு என்றால், அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாதவர் கேம் முழுவதையும் ஊமையாக்க வேண்டிவரும்.

யுத்தத்தைக் கருவாக வைத்துக் கேம் செய்ய நினைப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். அங்கே கூடுதலாக ஒன்று: தாக்கப்படுபவர் ஆயுதம் இல்லாதவரா என்பதைக் கவனியுங்கள். பாதுகாப்பற்றவர்கள் மீதான வன்முறை பெகியில் 18க்கு உரியது. அந்தக் காட்சியை விளையாடுபவர் செய்கிறாரா, கதையில் நடப்பதைப் பார்க்கிறாரா என்பதையும் கொப்பியில் பிரித்து எழுதுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

கேமில் தினமும் ஒரு சக்கரம் சுற்றிப் பரிசு எடுக்கலாம். சீட்டாடும் இடமும் இருக்கிறது, ஆனால் கேம் காசுதான், உண்மைக் காசு இல்லை. இதைச் சூதாட்டம் என்று சொல்வார்களா?
— அக்கரைப்பற்று வாசகர்

உண்மைக் காசு இல்லை என்பதை வைத்து முடிவெடுப்பதுதான் இந்தப் பகுதியில் மிக அதிகமாக நடக்கும் பிழை.

சக்கரத்தைச் சுற்றுவதற்கு விளையாடுபவர் எதையும் பந்தயமாக வைக்கவில்லை, தினமும் இலவசம், வருவது ஏதோ ஒரு பரிசு என்றால் அது சூதாட்டத்தின் தோற்றம் கொண்ட பரிசு. தோற்றத்தைக்கூட மாற்றிவிடுவது நல்லது. கசினோச் சக்கரத்துக்குப் பதிலாக மீன்கூடை திறப்பது போல வையுங்கள், கேம் எதையும் இழக்காது. சீட்டுக்கு மேல் கேம் காசைப் பந்தயம் வைத்து, வென்றால் கூட எடுத்து, தோற்றால் இழப்பது என்றால் அது பாவனைச் சூதாட்டம். கசினோவிலும் சூதாட்ட மண்டபங்களிலும் ஆடும் வகை ஆட்டத்தை இப்படிக் கற்றுக்கொடுக்கும் புதுக் கேம்களுக்கு 2020 முதல் பெகி 18 போடுகிறது. அவுஸ்திரேலியாவில் 2024 செப்டெம்பர் 22 முதல் பாவனைச் சூதாட்டத்துக்கு வயதுவந்தோருக்கு மட்டுமான தரம்தான். உண்மைக் காசு கொடுத்து வாங்கும், உள்ளே என்ன வரும் என்று தெரியாத பெட்டிகள் இருந்தால் அங்கே குறைந்தது எம் தரம், அதாவது 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு உகந்தது. கூகுள் பிளேயில் அப்படியான பெட்டியை விற்றால், எந்தப் பொருள் எத்தனை வீதம் வாய்ப்பில் வரும் என்பதை வாங்குவதற்கு முன்னரே, வாங்கும் பொத்தானுக்கு அருகிலேயே காட்டவும் வேண்டும்.

சீட்டாட்டம் எல்லாம் சூதாட்டம் அல்ல. 304 ஆடுவதோ ஓமி ஆடுவதோ பந்தயம் இல்லாவிட்டால் வெறும் சீட்டாட்டம்தான். உங்கள் கேமில் பந்தயம் வைக்கும் பொத்தானை எடுத்துவிட்டு, வென்றவருக்கு ஒரு கட்டம் திறக்கும்படி செய்யுங்கள். ஒரு மாலை வேலை. தரம் 18இலிருந்து இறங்க அதுவே போதுமாக இருக்கலாம்.

முதலாம் தரப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் கேம் செய்தேன். 3+ கிடைத்தது. ஆனால் கூகுள் இன்னொரு படிவத்தில் இலக்கு வயது கேட்கிறது. இரண்டும் ஒன்றுதானே? விளம்பரம் போடலாமா?
— வாழைச்சேனை, ஆசிரியை

இரண்டும் வேறு, ரீச்சர். 3+ என்பது இந்தக் கேமில் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கேடு தரும் எதுவும் இல்லை என்ற கூற்று. கணக்குப் பார்க்கும் செயலிக்கும் 3+ கிடைக்கும், ஆனால் அதை யாரும் பிள்ளைகளுக்காகச் செய்வதில்லை. இலக்கு வயது என்பது யாருக்காகச் செய்தீர்கள் என்ற கேள்வி. 5 வயதும் அதற்குக் கீழும், 6–8, 9–12, 13–15, 16–17, 18க்கு மேல் என்று பிரித்துக் கேட்கும். உங்களுக்கு முதல் இரண்டும் போதும். எல்லோரும் விளையாடட்டும் என்ற நல்ல எண்ணத்தில் எல்லாப் பெட்டிகளையும் தெரிவுசெய்தால், பிள்ளைகளுக்கான விதிகளும் பெரியவர்களுக்கான விதிகளும் ஒன்றாகத் தலையில் ஏறும்.

பிள்ளைகளை இலக்கு வைத்தால் கூகுளின் குடும்பக் கொள்கை பொருந்தும். அதற்கென்று தகுதி அறிவித்துக்கொண்ட விளம்பர வலையமைப்புகளிலிருந்து மட்டும்தான் விளம்பரம் எடுக்கலாம். கூகுளின் சொந்த விளம்பர வலையமைப்பான அட்மொப் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அதைப் பொருத்தியதோடு வேலை முடியாது. பிள்ளைகளுக்கானது என்று குறிக்கும் அமைப்பையும் நீங்களே இயக்க வேண்டும், விளம்பரத்தின் உச்சத் தரத்தை நான்கு படியில் மிகக் கீழான, எல்லோருக்கும் ஏற்ற ஜி என்பதில் வைக்க வேண்டும். இதை மறந்தால் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் கேமின் நடுவில் வேறு வயதுக்கான விளம்பரம் வந்து நிற்கும். கேள்வித்தாளில் விளம்பரத்தை யாரும் கேட்பதில்லை, ஆகவே உங்கள் 3+ அதைத் தடுக்காது. ஆனால் விளம்பரமும் கேமின் தரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி, பழி வருவது உங்களுக்கு. எங்கள் கருத்தைக் கேட்டால், முதலாம் தரத்துக்கான கேமில் விளம்பரமே வேண்டாம். அந்த வயதில் விளம்பரத்துக்கும் கேமுக்கும் வேறுபாடு தெரியாது.

வடமோடிக் கூத்து ஒன்றைக் கேமாக்குகிறோம். களரியில் யுத்தம், வதம், ஏச்சு எல்லாம் வரும். பழைய ஏட்டில் சாதியைச் சொல்லி ஏசும் வரிகளும் இருக்கின்றன. எல்லாம் தமிழில்தானே, அவர்களுக்கு எப்படித் தெரியும்?
— வந்தாறுமூலை வாசகர்

அவர்களுக்குத் தெரிவதற்காக அல்ல, விளையாடுபவருக்காகச் சொல்கிறீர்கள். தமிழ்க் கெட்ட வார்த்தை தமிழ்ப் பிள்ளைக்குப் புரியும். மொழி பற்றிய கேள்வி எந்த மொழிக்கும் பொருந்தும்.

யுத்தம் உங்களுக்குப் பெரிய தடை அல்ல. கரப்புடுப்பும் கிரீடமும் அணிந்த இருவர் மத்தளத் தாளத்துக்குச் சுற்றி ஆடி, ஒருவர் சாய்கிறார். இரத்தம் இல்லை, அடிபட்ட வேதனை இல்லை, ஆட்டம்தான் இருக்கிறது. அதை உள்ளபடி சொன்னால் கிளைக் கேள்விகள் உங்களுக்குச் சாதகமாகவே போகும். கேமுக்கு விறுவிறுப்பு வேண்டுமென்று வதக் காட்சியில் இரத்தத்தைச் சேர்த்தால் தரமும் ஏறும், கூத்தும் கெடும்.

சாதி ஏச்சு கனமான விஷயம். இனம், மதம் போன்றவற்றை வைத்து மக்களை இழிவுபடுத்துவது பற்றிய கேள்வி உண்டு. ஒரு பாத்திரம் பேசியதைக் கதை கண்டிக்கிறதா, அல்லது கேம் அதைக் கொண்டாடுகிறதா என்பது இங்கே முக்கியம். இரண்டாவது வகைக்கு எந்தத் தரமும் காப்பு அல்ல. வெறுப்பைத் தூண்டும் உள்ளடக்கத்தைக் கூகுள் 18+ போட்டாலும் ஏற்பதில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்து ஊரில் வாழும் மாவட்டங்களில், எந்த விதியும் இல்லாவிட்டால்கூட அதைச் சேர்க்கக் கூடாது. பழைய ஏட்டைப் பேணுவது ஒரு கடமை, அதைப் பதிப்பிலும் ஆய்விலும் பேணுங்கள். கேமில் அந்த வரியை விட்டுவிட, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரோடு பேசி முடிவெடுப்பது முறை.

எங்கட கேம் எந்தக் கடையிலும் இல்லை. போன்ல நேரே நிறுவுற ஏபிகே கோப்பாக வட்ஸ்அப்பில் போகுது, இட்ச் என்ற கேம் தளத்திலும் வைத்திருக்கிறோம். யாரும் தரம் கேக்கவில்லை. பெகி 12 எண்டு நாங்களே போடலாமா?
— திருக்கோவில் வாசகர்கள்

பெகி, ஈ.எஸ்.ஆர்.பி. சின்னங்களைப் போடக் கூடாது. அவை பதிவு செய்யப்பட்ட வணிகக் குறிகள். ஐ.ஏ.ஆர்.சி. வழியாகத் தரம் கிடைத்திருந்தாலும் அது அந்த இணையக் கடைக்கு உள்ளே மட்டும் செல்லும், சீடியில் போட்டு விற்க உதவாது. ஆனால் தரமே வேண்டாம் என்பதல்ல பொருள். யாரும் கேட்காத இடத்தில் நீங்களாகச் சொல்வதுதான் உண்மையான சுயதரம், அதற்கு நல்ல முன்னோடிகள் இருக்கின்றன.

1993இல் அமெரிக்க செனட்டில் கேம் வன்முறை பற்றிய விசாரணை நடந்தது. ‘மோர்டல் கொம்பட்’, ‘நைட் ட்ராப்’ இரண்டும் அங்கே அதிகம் பேசப்பட்டன. அரசு சட்டம் போடுவதற்கு முன் தொழில்துறையே 1994இல் ஈ.எஸ்.ஆர்.பி.யைத் தொடங்கியது. அதே ஆண்டில் ஆர்.எஸ்.ஏ.சி. என்ற இன்னொரு முறையும் வந்தது. அது வயதே சொல்லவில்லை. தயாரித்தவரே கேள்விகளுக்குப் பதில் சொல்ல, வன்முறை, பாலியல், மொழி ஒவ்வொன்றும் எந்த அளவு என்று வெப்பமானி போலக் காட்டியது. வயதை முடிவு செய்வது பெற்றோரின் வேலை என்பது அதன் எண்ணம். பிறகு தனியாகக் கேம் செய்பவர்களுக்காக டைகர்ஸ் என்ற இலவச முறை வந்தது. குடும்பத்துக்கு, பதின்வயதினருக்கு, வயதுவந்தோருக்கு என்று மூன்றே படி. வீட்டில் கேம் செய்பவருக்கு ஆர்.எஸ்.ஏ.சி.யின் வழி மிகப் பொருத்தம் என்பது எங்கள் கருத்து: வயதை ஒரு வரியில் சொல்லுங்கள், உள்ளடக்கத்தை நான்கு வரியில் சொல்லுங்கள். திருக்கோவிலில் இருக்கும் ஒரு தகப்பனுக்குத் தன் பிள்ளையைத் தெரியும். உங்கள் கேமைத்தான் தெரியாது.

மாதிரிக்கு ஒன்று:

*12 வயதுக்கு மேற்பட்டோருக்கு உகந்தது. இது தயாரித்தவர்களின் சொந்தக் கணிப்பு. இருட்டில் பேய் திடீரென்று தோன்றும் காட்சி நான்கு உண்டு. ஒருவர் சுருட்டுக் குடிப்பார். இரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. மற்றவர்களோடு பேசும் வசதி இல்லை. பணம் கட்டி வாங்க எதுவும் இல்லை, விளம்பரம் இல்லை. பதிப்பு 1.2.*

நான்கு என்று எண்ணிச் சொன்னதைக் கவனியுங்கள். ‘சில பயங்கரக் காட்சிகள்’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. இல்லாதவற்றைச் சொல்வதும் முக்கியம், பெற்றோர் முதலில் தேடுவது அவற்றைத்தான். பதிப்பு இலக்கம் இல்லாவிட்டால் வட்ஸ்அப்பில் சுற்றும் பழைய கோப்புக்கும் புதிய குறிப்புக்கும் தொடர்பு அறுந்துவிடும்.

குறிப்பை மூன்று இடத்தில் வையுங்கள்: கேமின் முதல் திரை, கோப்போடு அனுப்பும் வட்ஸ்அப் செய்தி, இட்ச் பக்கத்தின் விவரிப்பு. கோப்பு கை மாறும்போது செய்தி பிரிந்துவிடும், ஆகவே திரையில் இருப்பதுதான் நிற்கும். கோப்பின் பெயரிலேயே வயதைச் சேர்ப்பதும் உதவும். இட்ச் தளத்தில் பெரியவர்களுக்கு மட்டுமான உள்ளடக்கம் இருந்தால் அதைக் குறிப்பதற்கு இடம் உண்டு, உங்களுக்கு அது தேவைப்படாது.

ஒரு தொழில்நுட்பச் சிக்கல்: கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில், எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் தமிழை நேரே எழுதினால் ‘கெ’, ‘கொ’ போன்றவற்றின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், எச்சரிக்கையையே வாசிக்க முடியாது. குறிப்பை வேறு மென்பொருளில் எழுதி, பிஎன்ஜி படமாக்கி, முதல் திரையில் வையுங்கள். கேம் செய்யும் இன்னொரு மென்பொருளான கொடோ 4இல் இந்தப் பிரச்சினை இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கேமோடு சேர்த்தால் எந்தப் போனிலும் ஒரே மாதிரித் தெரியும், அது இலவசம். மலிவான சின்னப் போன் ஒன்றில் கையை நீட்டிப் பிடித்து வாசித்துப் பாருங்கள். தானாக மறையும்படி வைக்க வேண்டாம், தொட்டால் மட்டும் போகட்டும்.

சுருக்கமாக மூன்று: எனக்கு 16 வயது, கணக்குத் திறக்கலாமா? கணினிக் கேம் கடையான ஸ்டீமில் போட்டால் என்ன செய்ய வேண்டும்? புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் கேள்வித்தாள் நிரப்ப வேண்டுமா?
— கல்முனை வாசகர்

கூகுள் பிளேயில் தயாரிப்பாளர் கணக்குக்கு 18 வயது வேண்டும். தாயோ தகப்பனோ தங்கள் பெயரில் திறந்து, பொறுப்பையும் அவர்களே ஏற்க வேண்டும். 2023 நவம்பர் 13க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கென்றால் குறைந்தது 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து மூடிய சோதனை (நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் விளையாடிப் பார்ப்பது) நடத்திய பின்தான் பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தப் பன்னிரண்டு பேரிடமும் உங்கள் கொப்பியைக் காட்டாமல், கேமில் சின்னப் பிள்ளைக்குக் காட்டத் தயங்கும் இடம் எது என்று மட்டும் கேளுங்கள். உங்கள் கண்ணுக்குப் பழகிப்போனதை அவர்கள் சொல்வார்கள்.

ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டொலர். அங்கே ஸ்டீமின் சொந்த உள்ளடக்கக் கேள்வித்தாள் இருக்கிறது. 2024 நவம்பர் 15 முதல் அதை நிரப்பாத, வேறு தரமும் இல்லாத கேம்கள் ஜேர்மனியில் காட்டப்படுவதில்லை.

பிழை திருத்தினால், நிறம் மாற்றினால், புதிய கட்டம் சேர்த்தும் அதே வகை உள்ளடக்கமே என்றால் தேவையில்லை. பழைய பதில்களில் ஒன்றாவது மாறினால் புதிதாக நிரப்ப வேண்டும். அதிகம் தவறவிடப்படுவது விளையாடுபவர்கள் தங்களுக்குள் பேசும் வசதி. முதற்பதிப்பில் இருக்காது, நண்பர்கள் கேட்டார்கள் என்று மூன்றாம் பதிப்பில் சேர்ப்பார்கள், கேள்வித்தாள் நினைவுக்கு வராது. இடத்தைப் பகிர்தல், பணம் கட்டி வாங்கும் பொருள் இரண்டும் இதே வகை. அந்தச் சுருக்கப் பக்கத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம் போகும்.